கெர்னலுக்குள் ஒரு கோப்பு எண்

குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு ஒரு தாளைக் கையில் எடுத்ததும் கண் முதலில் போவது கோப்பு எண்ணுக்கும் தேதிக்கும்தான். எண் இல்லாத தாளை எந்தக் கட்டில் சேர்ப்பது? கணினிக்காரர்களுக்கும் இதே தலைவலி இருந்தது என்பதை ஓய்வுபெற்ற பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஒரு புரோகிராமை மனிதர்கள் சி போன்ற மொழியில் எழுதுகிறார்கள். கம்பைலர் அதை இயந்திரக் கட்டளைகளாக மாற்றுகிறது. மூலத்தில் ‘இது மூன்றாம் பதிப்பு’ என்று குறிப்பு எழுதி வைத்தாலும் கம்பைலர் அதைத் தள்ளிவிடும். கடைசியில் கையில் இருப்பது வெறும் எண்களின் குவியல். எங்கோ ஒரு கணினி பழுதாகி நின்றால், அதில் ஓடுவது எந்தப் பதிப்பு, எந்த மூலத்தைத் திருத்துவது என்று எப்படிச் சொல்வது?

பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்ட் என்பவர் 1972-இல் எஸ்.சி.சி.எஸ். என்ற பதிப்புப் பதிவேட்டை உருவாக்கினார். அதற்கான எளிய உபாயமும் அதில் இருந்தது. பதிப்பு விவரத்தைக் குறிப்பாக எழுதாமல், புரோகிராமின் தரவாகவே எழுதிவிட்டால் கம்பைலர் அதை அப்படியே உள்ளே எடுத்துச் செல்லும். அதைத் தேடிப் பிடிக்க முன்னால் நான்கு குறிகள்: @(#). இந்த வரிசை தற்செயலாக வருவது அரிது. ‘வாட்’ என்ற சிறு கட்டளை கோப்பு முழுவதும் இந்த நான்கையும் தேடி, அதன் பின்னால் உள்ள வாசகத்தை அச்சிடும். 1980-களின் தொடக்கத்தில் பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிஷி எழுதிய ஆர்.சி.எஸ். டாலர் குறிகளுக்கு நடுவே விவரத்தை வைத்தது. அதைப் படிக்கும் கட்டளையின் பெயர் ‘ஐடென்ட்’.

இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்கு இது இன்னும் முக்கியம். பெர்க்லி யூனிக்ஸில் ஒவ்வொரு முறை கெர்னலைத் தயாரிக்கும்போதும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் வரிசை எண்ணை ஒன்று கூட்டி, தேதி, தயாரித்தவர், இயந்திரம் ஆகியவற்றை ஒரு வாசகமாக்கி உள்ளே வைத்துவிடும். லினக்ஸும் அப்படியே. கணினி எழும்போது வரும் முதல் செய்திகளில் ஒன்று அந்த வரிதான். கம்பைலரின் பதிப்புகூட அதில் இருக்கும். நம் அலுவலகத்து அனுப்புகைப் பதிவேடேதான்!

இங்கேதான் சிக்கல். முத்திரை என்பது வெறும் வாசகம். மூலத்தை மாற்றிவிட்டுப் பழைய எண்ணையே போட்டால் யாருக்குத் தெரியும்? யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன், மூலத்தில் எங்கும் காணப்படாத ஒரு கள்ளக் கதவைக் கம்பைலரே புகுத்திவிட முடியும் என்று தம் டியூரிங் விருது உரையில் விளக்கினார். 1984-இல் வெளிவந்த அந்த உரை இன்றும் பேசப்படுகிறது.

எங்கள் புதுச்சேரியில் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களின் நகலில் ‘பூர் கொப்பி கோன்ஃபோர்ம்’ என்று எழுதிக் கையெழுத்திடுவார்கள். ‘மூலத்துக்கு ஒத்த நகல்’ என்று பொருள். ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அதை எழுதலாம் என்பது விதி. பார்க்காமலே கையெழுத்திட்டவர்களும் உண்டு. அதன் விளைவுகளையும் பார்த்திருக்கிறேன்.

டெபியன் குழுவினர் 2013 முதல் முன்னெடுத்த முயற்சி இந்த ஒப்பிடுதல்தான். ஒரே மூலத்தை யார், எங்கே கம்பைல் செய்தாலும் ஒவ்வொரு பைட்டும் ஒன்றாக வர வேண்டும். வந்தால், நகல் சரி என்று எவரும் தாமே சோதிக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் மாறும் தேதியும் இயந்திரப் பெயருமே அதற்குத் தடை! அடையாளத்துக்காக வைத்த முத்திரையே ஒப்பிடுவதைக் கெடுத்தது. ஆகவே லினக்ஸில் அவற்றை ஒரு நிலையான மதிப்பாகக் குறிப்பிட வழி செய்திருக்கிறார்கள்.

ஃப்ரீபிஎஸ்டி குழுவினர் கிட் என்ற பதிவேட்டுக்கு மாறிய பின், 2023-இல் கோப்புதோறும் இருந்த பழைய டாலர் குறிகளை நீக்கினார்கள். இப்போது மூலத்தின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட ஓர் எண் கெர்னலின் பதிப்பு வரியில் வருகிறது. லினக்ஸில் இன்னொரு வசதி: பதிவேட்டில் ஏறாத திருத்தத்தோடு தயாரித்தால் பதிப்பின் கடைசியில் ‘டர்ட்டி’, அதாவது அழுக்கு, என்று தானே சேர்ந்துகொள்ளும்படி அமைக்கலாம். இப்படி ஒரு ரப்பர் ஸ்டாம்ப் எங்கள் அலுவலகத்தில் இருந்திருந்தால் எத்தனை வழக்குகள் மிச்சமாகியிருக்கும்!

உங்கள் வீட்டில் லினக்ஸ் கணினி இருந்தால் பேரனையோ பேத்தியையோ ‘யூநேம்’ கட்டளையைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஐம்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது.