குடை கொடுத்த கப்பல்

கோடை விடுமுறை நெருங்கினால் எங்கள் வீட்டில் ஒரு மகாநாடு கூடிவிடும். 1955-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாநாடு கூடி, நாடு சோஷலிச பாணியில் நடக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. எங்கள் கோவில்பதாகை அந்த ஆவடியின் பக்கத்து ஊர். ஆகவே தீர்மானம் போடுவதில் நாங்களும் சளைத்தவர்கள் அல்ல. இந்த வருஷம் பெண் முன்மொழிய, பிள்ளை வழிமொழிய, எதிர்ப்பின்றி நிறைவேறிய தீர்மானம் இது: "கப்பலில் போக வேண்டும்."

ஏரியைப் பார்த்து வளர்ந்த குழந்தைகள் கடலுக்கு ஆசைப்படுவதில் ஆச்சரியமில்லை. மேலும், 'பதாகை' என்றால் கொடி என்று அகராதி சொல்கிறது. ஊரின் பெயரிலேயே கொடி இருக்கும்போது அதைப் பறக்கவிட ஒரு கப்பல் வேண்டாமா என்று நானும் வேடிக்கையாகச் சொல்லி வைத்தேன். அது வினையாக முடிந்தது. மறுநாளே இரண்டு கப்பல் கம்பெனிகளின் விளம்பரங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன.

ஒரு கப்பலில் சென்னைத் துறைமுகத்திலேயே ஏறலாம். மற்றொன்றைப் பிடிக்கச் சிங்கப்பூர் வரை விமானத்தில் போக வேண்டும். முதலாவதில் நீச்சல்குளம், மாஜிக் காட்சி, வேளாவேளைக்குச் சாப்பாடு. இரண்டாவதில் இவற்றோடு சறுக்குமரமும் உண்டு. இரண்டிலும் கொட்டை எழுத்தில் ஒரே வாசகம்: பெற்றோருடன் ஒரே அறையில் தங்கும் குழந்தைகளுக்குப் பயணம் இலவசம்.

"அப்போ நான் இலவசம்!" என்று குதித்தான் பிள்ளை.

என் மனைவி பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொட்டை எழுத்துக்களை அவள் படிப்பதில்லை. பொடி எழுத்துக்களைத்தான் படிப்பாள். துறைமுகக் கட்டணம் குழந்தைக்கும் உண்டு, வரியும் உண்டு, சிப்பந்திகளுக்கான இனாம் தலைக்கு இவ்வளவு என்று முன்னாலேயே குறித்திருக்கிறது. "உங்க பிள்ளை இலவசம்தான். ஆனா அவனுக்கு இவ்வளவு ஆகும்" என்று ஒரு தொகையை எழுதி என் முன்னால் நீட்டினாள்.

'இலவசம்' என்ற அந்தச் சொல்லைப் பார்த்ததும் என் மனம் கப்பலை விட்டுக் குடைக்குப் போய்விட்டது.

குடையின் கதை தூத்துக்குடியில் நடந்தது. இந்த நூற்றாண்டுக் குழந்தைகள் மாஜிக் காட்சிக்காகக் கப்பல் ஏறுகிறார்கள். 1906-இல் தூத்துக்குடியில் கப்பல் ஏறியவர்களுக்குப் பிழைப்புத்தான் காரணம். வியாபாரிகள், கணக்குப்பிள்ளைகள், தோட்டக் கூலிகள், கொழும்பிலிருக்கும் கணவனிடம் குழந்தை குட்டிகளோடு போகும் பெண்கள் என்று எல்லாரும் அந்த வழியாகத்தான் போனார்கள். பாம்பன் ரயில் பாலம் 1914-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகிறவர் தூத்துக்குடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கப்பலில் கொழும்பு சேர வேண்டும். அந்தக் கடல் வழியில் ஆதிக்கம் செலுத்தியது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. அது வைத்ததே சட்டம், அது கேட்டதே கட்டணம்.

இதை மாற்றக் கிளம்பினார், முப்பத்து நான்கு வயது வக்கீல் ஒருவர். வ.உ.சிதம்பரம் பிள்ளை. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் 16-இல் பதிவாயிற்று. மூலதனம் 10 லட்ச ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் இரண்டு லட்ச ரூபாய்க்குப் பங்குகள் வாங்கினார். முதலில் வாடகைக் கப்பல்களை வைத்துத்தான் ஓட்டினார்கள். எதிர்க் கம்பெனியின் நெருக்குதலால் அவை கிடைக்காமற் போகவே, சொந்தக் கப்பலே வாங்குவது என்று துணிந்தார்கள். 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரயாணிகளை ஏற்றக் கூடியது.

பிறகுதான் கட்டணப் போர் மூண்டது. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய் என்றது. அதற்கு மேல் குறைப்பதற்கு என்ன இருக்கிறது? வெள்ளைக்காரக் கம்பெனி, "காசே வேண்டாம், வந்து ஏறுங்கள்" என்றது. அதுவும் போதாதென்று, ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் இனாமாகக் கொடுப்பதாகச் சொன்னது.

இந்த இடத்தில் சரித்திர ஆசிரியர் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார். கதை எழுதுகிறவனுக்கு அவ்வளவு சுலபமாக நகர முடிவதில்லை. தூத்துக்குடிக் கரையில், கையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குழந்தைகளோடு நிற்கும் ஒரு குடும்பஸ்தனை நான் பார்க்கிறேன். அவன் ஒரு கையில் அரை ரூபாய். எதிரே ஒரு குடை. அரை ரூபாய் அன்றைய ஏழைக்குச் சின்னத் தொகை அல்ல. தலைக்கு அரை ரூபாய் என்றால் குடும்பத்துக்கு எவ்வளவு? கொழும்பில் இறங்கிய பின் அந்தக் காசு எத்தனை நாள் சோற்றுக்கு ஆகும்? மழைக்கும் வெயிலுக்கும் குடை ஆகுமே! தேசபக்தி என்பது மேடையில் இருப்பவருக்குச் சுலபம். டிக்கெட் ஜன்னலில் நிற்பவனுக்கு அது அரை ரூபாய் விலை.

அப்படியிருந்தும், சுதேசிக் கப்பலில் ஜனங்கள் ஏறினார்கள் என்பதுதான் அதிசயம். எதிர்க் கம்பெனி குடை கொடுக்க வேண்டிய நிலைக்கு வந்ததே அதற்குச் சாட்சி. கப்பல் நிறைய ஆள் இருந்தால் எந்த வியாபாரி குடையைத் தூக்கிக் கொடுக்கப் போகிறான்?

'நானாக இருந்தால் எதில் ஏறியிருப்பேன்?' என்று என்னையே கேட்டுக்கொண்டேன். வாசகர்களிடம் பொய் சொல்ல மனமில்லை. தனியாளாக இருந்தால் மார்பைத் தட்டிக்கொண்டு காலியாவில் ஏறியிருப்பேன். இந்த இரண்டு வாண்டுகளோடு நின்றிருந்தால், குடையை ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருப்பேன். அரை ரூபாயைக் கொடுத்து ஏறியவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இருந்தாலும் அவர்கள் என்னை விடப் பெரியவர்கள் என்று அன்று எனக்குத் தோன்றியது.

முடிவு எல்லாரும் அறிந்ததுதான். 1908 மார்ச்சில் சிதம்பரம் பிள்ளை கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. பின்னர் மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். வெளியே பங்குதாரர்களுக்குப் பயம் பிடித்தது. அரசியல் வேண்டாம், வியாபாரம் போதும் என்றவர்கள் முன்னமே இருந்தார்கள். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியாவைப் போட்டிக் கம்பெனிக்கே விற்றார்கள் என்று சொல்லுவார்கள். அவர் 1912 டிசம்பரில் விடுதலையானபோது கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. பிறகு சில காலம் பெரம்பூரில் குடியிருந்தார். ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் மின்சார ரயில் பெரம்பூரில் நிற்கும்போதெல்லாம், கப்பலோட்டியவர் அரிசிக்கும் எண்ணெய்க்கும் கணக்குப் பார்த்த தெரு இதில் எதுவோ என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பது என் வழக்கம்.

இந்த எண்ணத்தோடு மாலையில் ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போனேன். எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெரியவர் வந்தார். டாங்க் பாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பல் தீர்மானத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"ரஜூலா கேள்விப்பட்டிருக்கியா தம்பி? பினாங்கிலேர்ந்து நான் அதுலதான் வந்தேன். அப்போ எனக்கு எட்டு வயசு."

கேள்விப்படாமல் என்ன? 1926-இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட டெக் பிரயாணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டென்ஹாம், சிங்கப்பூர் என்று நாற்பது வருஷத்துக்கு மேல் அதே வழியில் போய் வந்தது. நடுவில் யுத்தத்துக்கும் உழைத்தது. மலாயாத் தமிழர்களில் பாதிப் பேருடைய குடும்ப சரித்திரத்தில் ரஜூலா ஓர் அத்தியாயம். அதன் சொந்தக்காரர் யார் தெரியுமோ? குடை கொடுத்த அதே கம்பெனிதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்த வழியில் நம் சர்க்கார் கம்பெனியின் 'ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ்' என்ற கப்பலும் ஓடியது. ஆகவே பெரியவருடைய தகப்பனாருக்கும் எங்களைப் போலவே ஒரு தேர்வு இருந்திருக்கிறது. அதைக் கேட்டேன்.

"அப்பாவுக்கு நம்ம கப்பல்லதான் வரணும்னு ஆசை. அம்மா ரெண்டே கேள்விதான் கேட்டாங்க. எது முதல்ல கிளம்புது? பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் வந்தா பாக்க டாக்டர் யாரு? முதல்ல கிளம்பினது ரஜூலா. அதுல ஏறிட்டோம். டெக்குல பாய் விரிச்சு, டிரங்குப் பெட்டியைச் சுத்தி வச்சு, அதுதான் எங்க ரூம்பு. நாகப்பட்டினத்துல கப்பல் கரைக்கு வராது. நடுக்கடல்ல நிக்கும். படகுல இறங்கணும். ஒரு ஆளு என்னை மூட்டை மாதிரி தூக்கி, கீழே இருக்கிற ஆளுகிட்டக் கொடுத்தான். அம்மா கண்ணை மூடிக்கிட்டாங்க. நான் கண்ணைத் தொறந்துதான் வச்சிருந்தேன்."

"பயமாயில்லையா?"

"பயமா? இன்னொரு தடவை தூக்க மாட்டானான்னு இருந்துச்சு!"

வீடு திரும்பும்போது ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. 1972-இல் இந்தியக் கப்பல் கழகம் பிரான்சிலிருந்து ஒரு பிரயாணிக் கப்பலை வாங்கிச் சென்னை-சிங்கப்பூர் வழிக்கென்று வைத்தது. அதற்குச் சூட்டிய பெயர் 'சிதம்பரம்'. அடுத்த ஆண்டே கிழட்டு ரஜூலாவையும் அதே கழகம் விலைக்கு வாங்கிற்று. குடை கொடுத்தவர்களின் கப்பல், அரை ரூபாய்க் கப்பலை ஓட்டியவர் பெயரைத் தாங்கிய கப்பலோடு ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்தது! கதையில் நான் இப்படி எழுதினால் பத்திரிகாசிரியர் நம்ப மாட்டார்.

கதையாக இருந்தால் அங்கேயே சுபம் போட்டிருக்கலாம். சரித்திரம் அப்படி நிற்பதில்லை. 1985 பிப்ரவரியில் 'சிதம்பரம்' நடுக்கடலில் தீப்பற்றியது, பலர் மாண்டார்கள். அத்தோடு அந்தப் பிரயாணிக் கப்பல் போக்குவரத்தும் முடிந்தது. 2011 ஜூனில் தூத்துக்குடி-கொழும்பு வழியில் மறுபடி ஒரு கப்பலை விட்டார்கள். துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயர் வைத்ததும் அதே ஆண்டுதான். ஆனால் வருஷம் முடிவதற்குள் கப்பல் நின்றுவிட்டது. 2022 ஜூன் 4-ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் சென்னையில் கொடியசைத்து அனுப்பி வைத்தது உல்லாசக் கப்பலை. கொழும்புக்குப் பிழைக்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், எங்கும் போக வேண்டிய அவசியமில்லாமல் கடலைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவசியத்துக்காகக் கப்பல் ஏறியவர்கள் பட்ட பாட்டின் பலன்தானே, இன்று நாம் ஆசைக்காகக் கப்பல் ஏறுவது?

வீட்டில் மகாநாடு இன்னும் கலையவில்லை. குடையின் கதையைக் குழந்தைகளுக்குச் சொன்னேன். பிள்ளை, "அந்தக் குடையைத் திருப்பிக் கேட்டாங்களாப்பா?" என்றான்.

பதிலை என் மனைவி சொன்னாள். "குடையைக் கேக்க மாட்டாங்கடா. இன்னொரு கப்பல் இல்லாம ஆக்கிட்டா, டிக்கெட்டுலேயே குடைக் காசு வந்துடும்."

பொருளாதார நிபுணர்கள் புத்தகம் புத்தகமாக எழுதுகிற சமாசாரம் இது. அவள் பென்சிலைச் சீவிக்கொண்டே சொல்லி முடித்துவிட்டாள்.

பெரியவரின் தாயார் கேட்ட இரண்டு கேள்விகளையும் நான் தீர்மானத்தில் சேர்த்தேன். எப்போது கிளம்புகிறது? டாக்டர் யார்? என் மனைவி மூன்றாவதாக ஒன்று சேர்த்தாள். வரி, கட்டணம், இனாம் எல்லாம் உட்பட மொத்தத் தொகை எவ்வளவு, எழுத்தில் கொடுப்பீர்களா? அந்த வேளையில் ஒரு கம்பெனியின் முகவரிடமிருந்து போன் வந்தது. இன்றைக்கே பணம் கட்டினால் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு முதுகுப்பை இலவசம் என்றார் அவர்.

என் மனைவி போனை வாங்கினாள். "பை எங்ககிட்ட இருக்குங்க. அதோட விலையை டிக்கெட்டுல குறைச்சுடுங்க."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, மேலதிகாரியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அவர் சொல்லும் வரையில் எங்கள் தீர்மானம் நிலுவையில் இருக்கிறது. பிள்ளைக்கு மட்டும் ஒரு சந்தேகம். நடுக்கடலில் யாராவது அவனைத் தூக்கிப் படகில் இறக்குவார்களா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். அந்த வசதி இரண்டு விளம்பரங்களிலுமே காணோம்.