துவக்குக்குப் பிறகு கமரா: நூதனசாலைச் சுவரில் காட்டுயிர்

லண்டன் சவுத் கென்சிங்டனில் இயற்கை வரலாற்று நூதனசாலை இருக்கிறது. 1881இல் திறக்கப்பட்ட கட்டடம். ஆண்டின் சிறந்த காட்டுயிர்ப் புகைப்படக் கலைஞரைத் தெரிவு செய்யும் போட்டியின் கண்காட்சி ஒவ்வொரு வருடமும் அங்கேதான் நடக்கும். 100 படங்கள். அதே கட்டடத்தின் வேறு கூடங்களில், கண்ணாடிகளுக்குப் பின்னால், பாடம் பண்ணிய மிருகங்கள் நிற்கின்றன. பார்க்கப் போகிறவர்கள் இரண்டையும் வேறு வேறு விசயமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அது பழசு, இது புதுசு. அது செத்தது, இது உயிரோடு இருப்பது. ஆனால் வரலாற்றைத் தோண்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பம்.

19ஆம் நூற்றாண்டில் ஒரு மிருகம் நூதனசாலைக்கு எப்படி வந்தது? பெரும்பாலும் யாராவது அதைச் சுட்டதால்தான் வந்தது. விஞ்ஞானிக்குத் தோலும் எலும்பும் வேண்டும். வேட்டைக்காரனுக்குப் பெயர் வேண்டும். இலங்கையிலும் இந்தக் கதை இருக்கிறது. மேஜர் தோமஸ் றொஜர்ஸ் என்ற பிரித்தானிய அதிகாரி 1,400 யானைகளுக்கு மேல் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. அவர் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர், தன் வேட்டைக் கதைகளை 1854இல் ஒரு புத்தகமாகவே போட்டார்.

இதையெல்லாம் தனி மனிதர்களின் வெறி என்று மட்டும் ஒதுக்க ஏலாது. யானை கொன்றால் அரசாங்கமே பணம் கொடுத்தது. வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்கும் குறைவான காலத்தில் 3,500 யானைகள் கொல்லப்பட்டதாகக் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ட் எழுதியிருக்கிறார். அன்றைய வடமாகாணம் இன்றையதை விடப் பெரியது, அநுராதபுரப் பக்கமும் அதற்குள்தான் இருந்தது. அப்படிப் பார்த்தாலும் 3,500 சின்னத் தொகை இல்லை. பிறகு மிருகம் குறைந்தது. 1894இல் வேட்டை விலங்குகளைப் பாதுகாக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் பலர் வேட்டைக்காரர்கள். சுட மிருகம் மிஞ்ச வேண்டுமே! இன்றைய வனஜீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் ஆரம்பம் அதுதான்.

கமராவும் அதே கைகளுக்குத்தான் முதலில் போனது. 1882இல் எற்றியன்-ஜூல் மரே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி பறவைகள் பறப்பதைப் பதிவுசெய்ய ஒரு கருவி செய்தார். அதற்குக் குழல் இருந்தது, விசை இருந்தது, தோளில் வைத்துக் குறிபார்க்க வேண்டும். செக்கனுக்கு 12 படம் எடுக்கும். பெயரே 'புகைப்படத் துவக்கு'.

அமெரிக்காவில் ஜோர்ஜ் ஷைரஸ் என்றொரு வழக்கறிஞர், ஒரு காலத்தில் வேட்டைக்காரர். ஒஜிப்வே பழங்குடி மக்களிடமிருந்து வந்த ஒரு வேட்டை முறை அவருக்குத் தெரியும்: இரவில் வள்ளத்தின் முன்பக்கம் வெளிச்சம் வைத்துக்கொண்டு ஏரிக்கரையோரம் சத்தமில்லாமல் போவது. வெளிச்சத்தைக் கண்ட மான் அசையாமல் நிற்கும், கண் இரண்டும் மின்னும். ஷைரஸ் முறையை மாற்றவில்லை. துவக்கை வைத்துவிட்டு, கமராவையும் பிளாஷ் மருந்தையும் எடுத்துக்கொண்டார். மிருகம் கயிற்றில் தட்டினால் தானாகவே படம் எடுக்கிற ஏற்பாட்டையும் செய்தார். நம் ஊர்க் காடுகளில் பன்றிக்கு வைக்கிற கட்டுத்துவக்கும் அதே தத்துவம்தான். வெடிக்குப் பதிலாக வெளிச்சம், அவ்வளவுதான். 1906 ஜூலையில் நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை அவருடைய 74 படங்களை வெளியிட்டது.

தமிழிலும் இதைக் கவனிக்கலாம். நாங்கள் மீன் பிடிக்கிறோம், யானை பிடிக்கிறோம், படமும் 'பிடிக்கிறோம்'. சொல்லுக்குள்ளேயே வேட்டை ஒளிந்திருக்கிறது.

இப்போது கண்காட்சிக்கு வருவோம். அந்தப் போட்டி 1965இல் ஒரு சஞ்சிகையின் முயற்சியாகத் தொடங்கியது. 1984இல் நூதனசாலையும் சேர்ந்துகொண்டது. 2024இல் வந்த படங்கள் 59,000க்கு மேல். இவ்வளவு பெரிய இடத்தில் வெல்வதற்கு எதையும் செய்யத் தோன்றும். 2009இல் முதற்பரிசு பெற்ற படத்தில் ஓர் ஓநாய் இரவில் படலைக்கு மேலால் பாய்கிறது. அது காட்டு ஓநாய் இல்லை, பழக்கிய ஓநாயாகத்தான் இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவுசெய்து 2010 ஜனவரியில் பரிசை நீக்கினார்கள். படம் எடுத்தவர் அதை மறுத்தார்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது 2017ஆம் ஆண்டுப் போட்டி. அந்த வருடம் ஒரு பிரிவில் வென்றது பிரேசிலின் எமாஸ் தேசியப் பூங்காவில் எடுத்த படம். இருட்டில் பச்சையாக மின்னும் கறையான் புற்று, அதை நோக்கி வரும் எறும்புதின்னி. 2018இல் அந்தப் பரிசும் பறிபோனது. படத்தில் இருந்தது, பூங்காவின் வாசலில் பார்வையாளருக்காக வைத்திருந்த பாடம் பண்ணிய எறும்புதின்னியாக இருக்கலாம் என்று நிபுணர்கள் கண்டார்கள். இவரும் மறுத்தார். நிபுணர்கள் சொன்னது சரியென்றால், இதைவிட விசித்திரம் என்ன இருக்கிறது? பாடம் பண்ணிய உடலுக்குப் பதிலாகத்தான் படம் வந்தது. அந்தப் படத்துக்குள்ளாலேயே பாடம் பண்ணிய உடல் நூதனசாலைக்குத் திரும்பி வந்திருக்கிறது, உயிருள்ளது போல.

அதே 2017இல் முதற்பரிசு பெற்றது பிரென்ற் ஸ்டேர்ட்டன் எடுத்த படம். தென்னாபிரிக்காவில் கொம்புக்காகக் கொல்லப்பட்ட கருங்காண்டாமிருகம், முகம் வெட்டுப்பட்டு, முழந்தாளிட்டது போலக் கிடக்கிறது. அழகான படம் இல்லை. பார்க்கக் கஷ்டம். ஆனால் செத்ததைச் செத்தது என்று காட்டியது. ஒரே வருடம், ஒரே கண்காட்சி, இரண்டு செத்த உடல்கள். ஒன்று உயிரோடு இருப்பதாக நம்மைச் சந்தோசப்படுத்தியது. மற்றது உண்மையைச் சொல்லி உறுத்தியது. காட்டுயிர்ப் படத்தின் முழுச் சண்டையும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது.

இது லண்டன் பிரச்சினை மட்டும் இல்லை. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தை ஊருக்குள் வந்து பலரைக் காயப்படுத்தியது. சனம் அதை அடித்துக் கொன்றது. அந்தப் பயம் நியாயமானது; காயப்பட்டவர்களின் வலியை யாரும் மறுக்க ஏலாது. ஆனால் அதற்குப் பிறகு அந்த உடலோடு எடுத்த படங்கள் சமூக வலைத்தளங்களில் சுற்றினதை என்னென்று விளங்கிக்கொள்வது? செத்த மிருகத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பது வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் விட்டுப்போன பழக்கம். அவர்களுக்குத் துவக்கும் பெரிய கமராவும் தேவைப்பட்டது. எங்களுக்கு ஒரு போன் போதும்.

ஆகவே காட்டுயிர்ப் படங்களுக்கு முன்னால் நிற்கிறபோது, அது நூதனசாலைச் சுவரோ போன் திரையோ, 'எவ்வளவு வடிவு' என்பதோடு நிறுத்தாமல் இன்னும் சிலதைக் கேட்கலாம். படம் எடுத்தவர் எவ்வளவு கிட்டப் போனார்? மிருகத்தை வரவைக்க என்ன செய்தார்? அந்தக் காட்டில் வாழ்ந்த மனிதர்கள் சட்டத்துக்கு வெளியே எங்கே நிற்கிறார்கள்? ஷைரஸின் மான்களைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு ஒஜிப்வே மக்களின் பெயர் தெரிந்திருக்கும்? படத்துக்குக் கீழே இருக்கிற சின்ன எழுத்தையும் வாசியுங்கள். சில வேளை வரலாறு அங்கேதான் இருக்கும். இன்னும் சில வேளை, அங்கே எழுதாமல் விட்டதில் இருக்கும்.