தன்னைத்தானே படம் பிடித்தவர்கள்

ஒரே அறையில் ஒரே பிள்ளை மூன்று இடத்தில் இருக்கிறாள். ஒருத்தி படிக்கிறாள், இன்னொருத்தி ஜன்னலால் பார்க்கிறாள், மூன்றாமவள் தரைக்கு ஓரடி மேலே மிதக்கிறாள். இப்படியான படங்களை எங்கள் பிள்ளைகள் வீட்டிலிருந்தே போனில் செய்து அனுப்புகிறார்கள். பார்த்த பெரியவர்கள் "இதெல்லாம் இந்தக் காலத்துப் பொய்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வரலாறு படிப்பிக்கிறவர்கள் என்ற முறையில் நாங்கள் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் "பொய்"க்கு வயது 180க்கும் மேல்.

1840 இல் பிரான்சில் இப்போலித் பாயார் என்பவர், தான் தண்ணீரில் மூழ்கி இறந்துகிடப்பது போலத் தன்னையே படம் எடுத்தார். கடதாசியில் நேரடியாகப் படம் பதிக்கும் ஒரு முறையை அவரும் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அரசாங்கத்தின் புகழும் பணமும் டகேருக்குப் போய்விட்டன. அந்தக் கோபத்தைப் பாயார் பிணமாக நடித்துக் காட்டினார். வெயிலில் கறுத்த தன் முகமும் கைகளும் அழுகத் தொடங்கிவிட்டதாகப் படத்தின் பின்பக்கத்தில் கேலியாக எழுதியும் வைத்தார். கருத்தொன்றைச் சொல்லத் தன் உடம்பையே பாவித்த முதல் படங்களில் அது ஒன்று.

ஒட்டிச் சேர்க்கும் வேலை அடுத்து வந்தது. ஒஸ்கார் றெய்லாண்டர் 1857 இல் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைத் துண்டு துண்டாக ஒரே கடதாசியில் பதித்து ஒரு பெரிய படம் செய்தார். ஒரு பகுதியைப் பதிக்கும்போது மற்றதையெல்லாம் மூடிவைக்க வேண்டும். ஏறத்தாழ ஆறு வாரம் பிடித்ததாம். பிற்காலத்தில் அவர் செய்த ஒரு படத்தில், ஓவியரான றெய்லாண்டர் படைச் சீருடை போட்ட றெய்லாண்டரை எங்களுக்கு அறிமுகப்படுத்துகிறார். இரண்டு பேரும் அவரே! எங்கள் பிள்ளைகள் செய்வதும் இதே வேலைதான்.

இலங்கைக்கு வருவோம். இங்கிலாந்தில் கோழிக்கூட்டை ஸ்டூடியோவாக்கிய ஜூலியா மார்கரெட் கமரூன் 1875 இல் இங்கே வந்தார். 1879 இல் திக்கோயாவில் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கப்பட்டார். அவர் இங்கே எடுத்த படங்களில் தோட்டத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். மனதைத் தொடும் முகங்கள். ஆனால் பெயர்கள் இல்லை. எப்படி நிற்பது, எங்கே பார்ப்பது என்பதை அவர்களா தீர்மானித்திருப்பார்கள்?

அதற்குப் பிறகும் லயத்து மனிதருக்குப் படம் என்பது பெரும்பாலும் யாரோ கேட்டதால் எடுத்ததாகவே இருந்தது. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கடவுச்சீட்டுக்கு ஒரு படம், எழுபதுகளில் அடையாள அட்டைக்கு ஒரு படம். எங்கள் முஸ்லிம் வீடுகளிலும் கதை கிட்டத்தட்ட இதுதான். சுவரில் படம் மாட்டத் தயங்கிய மூத்தம்மாமார் ஹஜ்ஜுக்காக மட்டும் கேமரா முன் உட்கார்ந்தார்கள்.

கொழும்பில் நிலைமை வேறு. லயனல் வென்ட் (1900-1944) சட்டமும் பியானோவும் படித்தவர். முப்பதுகளில் இருட்டறையில் படங்களை ஒன்றோடொன்று சேர்த்தும், ஒளியைக் குழப்பியும் வேலை செய்தார். அவர் இறந்தபின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. 1950 இல் வந்த புத்தகமும், தப்பிய அச்சுப் படங்களும்தான் மிச்சம். அவருடைய வீடு இருந்த இடத்தில்தான் இன்று லயனல் வென்ட் அரங்கு நிற்கிறது. வசதியுள்ள ஒருவருக்கு மட்டும் முடிந்த விளையாட்டு அது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்று அதற்கு ஒரு போனும் புத்தக அடுக்கும் போதும். போனை அசையாமல் நிறுத்தி, வெளிச்சத்தையும் குவியத்தையும் பூட்டிக்கொள்ள வேண்டும். முதலில் வெறும் அறையை எடுக்க வேண்டும். பிறகு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து ஒன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஸ்டூலை மட்டும் அழித்தால் ஆள் மிதப்பார். தரையில் விழும் நிழலை அழித்துவிட்டால் கண் நம்பாது. 1994 இல் போட்டோஷொப்பில் அடுக்குகள் வந்தபின் இது எளிதானது. விவான் சுந்தரம் 2001 இலேயே தன் தாத்தா உம்ராவ் சிங் ஷேர்கில் எடுத்த குடும்பப் படங்களையும், தன்னையே எடுத்த படங்களையும் கணினியில் இணைத்தார். ஒரே படத்தில் வெவ்வேறு வயதுகள் சந்தித்துக்கொள்கின்றன.

இதே கத்தரிக்கோல் அடுத்தவர் முகத்திலும் படுகிறது. 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போது சமூக ஊடகங்களை அரசாங்கம் முடக்க வேண்டி வந்ததை நாங்கள் மறக்கவில்லை. மாவனெல்லைக்கும் திகனைக்கும் இடையில் எவ்வளவு தூரம்! பெண் பிள்ளையின் முகத்தை வேறோர் உடம்பில் ஒட்டுவதும் இதே அடுக்கு, இதே விரல். ஆகவே பிள்ளைகளிடம் மூன்று விடயம் கேட்கிறோம். வெட்டி ஒட்டுவது உங்கள் சொந்த முகமாக இருக்கட்டும். வெட்டுமுன் எடுத்த மூலப் படங்களை அழிக்காமல் வையுங்கள். பாயார் போலப் படத்தோடு ஒரு வரியும் எழுதுங்கள், எதை எதோடு சேர்த்தீர்கள் என்று.