1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தமும் சிந்தனைப் பயிற்சியும்

1971 ஏப்ரல் கிளர்ச்சியில் ஈடுபட்ட கிராமப்புறச் சிங்கள இளைஞருட் கணிசமானோர் இலவசக் கல்வியின் பயனாகச் சுயமொழியிற் படித்தவர்கள். படிப்புக்கேற்ற தொழில் அவர்களுக்குக் கிட்டவில்லை. அடுத்த ஆண்டு ஐக்கிய முன்னணி அரசாங்கம் தொடக்கிய கல்விச் சீர்திருத்தத்தை இப்பின்னணியினின்றும் பிரித்து நோக்குதல் இயலாது. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அனைவர்க்கும் பொதுவான பாடவிதானம் வகுக்கப்பட்டது. கிராமத்துப் பாடசாலை மாணவனும் கணிதமும் ஒன்றிணைந்த விஞ்ஞானமும் கற்கும் நிலை ஏற்பட்டமை குறிப்பிடத்தக்க ஜனநாயக முன்னேற்றமாகும்.

இவற்றுள் ஊன்றி நோக்கத்தக்கது தொழில்முன்னிலைப் பாடமே. தம் சூழலில் நிலவும் தொழிலொன்றினை மாணவர் கற்றாராய வேண்டும் என்பது அதன் அடிப்படை. மீன்பிடியை எடுத்துக்கொள்வோம். வலையின் கண்ணளவு மீனுக்கு மீன் வேறுபடுவது ஏன்? அவ்வலைக்கு உரியவர் யார்? பிடித்த மீனின் விலையைத் தீர்மானிப்பவர் யார்? முதல் வினா விஞ்ஞானத்துக்கும் ஏனையவை சமூக ஆராய்ச்சிக்கும் இட்டுச் செல்வன. (இறுதி வினாவுக்கு எத்தனை வகுப்பறைகள் இடமளித்திருக்கும் என்பது வேறு விடயம்.)

பெற்றோர் பலர் இதனை விரும்பவில்லை. உடலுழைப்பிலிருந்து விடுபடும் மார்க்கமாகவே பாடசாலையை அவர்கள் கண்டனர். இதனை நடுத்தர வர்க்க மனோபாவம் என ஒதுக்குதல் எளிது. ஆயின், தரப்படுத்தல் பல்கலைக்கழக வாயிலைக் குறுக்கிய அவ்வாண்டுகளில், தமிழ்ப் பெற்றோர் ஒவ்வொரு புள்ளியையும் எண்ணியமைக்குப் பொருளாதார நியாயமும் உண்டு. 1975இல் முதன்முறையாகத் தேசிய கல்விப் பொதுத் தராதரப் பரீட்சை நடைபெற்றது. 1977இல் ஆட்சி மாறியதன் பின்னர்ச் சாதாரண தரப் பரீட்சை மீண்டும் வந்தது. தொழில்முன்னிலைப் பாடமும் தன் மைய இடத்தை இழந்தது.