மாரி கழியும் வரை: கற்பிட்டியும் உப்பும்

கற்பிட்டி என்றதும் தமிழறிஞர் நினைவுக்கு வருபவர் சைமன் காசிச்செட்டி. 1807ஆம் ஆண்டு அவ்வூரிலே பிறந்து, 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றைத் 'தமிழ் புளூராக்' என்னும் ஆங்கில நூலாக வெளியிட்டவர் அவர். புலவரைத் தந்த அந்த மணல் நிலம் நெடுங்காலம் மலைநாட்டின் கறிச்சட்டியையும் காத்து வந்தது என்பதைப் பலர் அறியார். அதற்குக் காரணம் உப்பு.

கற்பிட்டி ஒரு நீண்ட நிலநாக்கு. மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளக் களப்பு. களப்பின் வாய் வடக்கே திறந்திருக்கிறது. மீ ஓயா, கலா ஓயா ஆகிய ஆறுகள் அதிலே கலக்கின்றன. மாரியில் ஆற்று நீர் பெருகிக் களப்பின் உவர்ப்பைத் தணிக்கும். கோடையிலோ ஆறுகள் மெலிந்து, வெயில் நீரை உறிஞ்ச, களப்பு நீர் கடல்நீரினும் மிக உவர்ந்துவிடும். இந்த இயல்பே இக்கரையை உப்பு விளையும் பூமியாக்கியது.

ஆனால் அந்த விளைவு கேட்டவுடன் கிடைப்பதன்று. ஐப்பசியில் தொடங்கும் வாடை மழை மார்கழி வரை ஓயாது. மாசி, பங்குனியில் சிறிது வறட்சி வரும். அப்போது ஒரு சிறு விளைவு உண்டு. பின்னர்ச் சித்திரை மழை. அதன்பின் சோளகம் வீசத் தொடங்கும். தென்மேற்கே மழையைக் கொட்டிவிட்டு வரும் அக்காற்று, இங்கே ஈரமின்றி உலர்ந்து வீசும். ஆடி, ஆவணி மாதங்களே பெருவிளைவின் காலம்.

நூறு பங்கு கடல் நீரிலே உப்புக்கள் ஏறக்குறைய மூன்றரைப் பங்குதான். நீரில் பத்தில் ஒன்பது பங்கு ஆவியான பின்னரே கறியுப்புப் படியத் தொடங்கும். அதற்கு முன் சுண்ணப் பொருள்கள் படிந்துவிடும். கடைசியில் எஞ்சும் கைப்பு நீரை வடித்து விடாவிட்டால் உப்பும் கைக்கும். ஆதலால் ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு நீரை மாற்றி மாற்றிக் காய்ச்சுகிறார்கள். அடுப்பு ஞாயிறு, விசிறி சோளகம். வாருவதற்கு முதல்நாள் இரவு ஒரு மழை பெய்தால் வாரக்கணக்கான காத்திருப்பு நீரோடு நீராகிவிடும்.

அந்த மாரி மாதங்களை இக்கரையோர் சோம்பிக் கழிக்கவில்லை. உப்பைக் கெடுக்கும் அதே பருவத்தில் மேற்குக் கடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசி முதல் பங்குனி வரை வலைஞருக்கு நல்ல காலம். பிடித்த மீனில் விற்று எஞ்சியது கருவாடாகும். கருவாட்டுக்கு உப்பு வேண்டுமே! அது போன கோடையில் வாரிக் குவித்த உப்பு. சென்ற ஆண்டின் வெயிலை வைத்தே இந்த ஆண்டின் மழைக்காலத்தைக் கடத்தினார்கள் என்று சொல்லலாம். எனவே குவியல் யார் கையில் இருந்ததோ, அவர் கையில்தான் காத்திருப்போரின் வாழ்வும் இருந்தது.

மலைநாட்டுக்கு இந்த உண்மை இன்னும் கடுமையாக உறைத்தது. கண்டியரசின் மலைகளிலே நெல் உண்டு, பாக்கு உண்டு, கறுவா உண்டு, உப்பு இல்லை. 1660 முதல் 1679 வரை அங்கே சிறையிருந்த ஆங்கிலேயன் றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியான தன் நூலிலே, நாட்டின் மேற்குப் பக்கத்தார் புத்தளத் துறையிலிருந்து உப்பும் மீனும் பெற்றதைக் குறிக்கின்றான். கிழக்குப் பக்கத்தாருக்கு வேறொரு கரை உதவிற்று. அங்கே கீழ்க்காற்றில் கடல்நீர் உட்புகும் என்றும், மேல்காற்று வீசி வானம் வெளுத்ததும் அது உப்பாகும் என்றும் அவன் எழுதுகிறான். காற்று மாறும் வரை காத்திருக்கும் தொழில் இது என்பதை அந்தச் சிறையாளியும் கண்டுகொண்டான். இத்துறைகளிலிருந்து உப்பும் கருவாடும் தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களில் மலையேறின, பாக்கு இறங்கிவந்தது. இவ்வாணிபத்தில் முஸ்லிம் வணிகர் பெரும்பங்கு கொண்டிருந்தனர்.

இந்த வழியை நன்கு உணர்ந்தவர் ஒல்லாந்தர். 1667இல் தொடங்கி 1676 அளவில் அவர்கள் கற்பிட்டியிலே கோட்டையைக் கட்டி முடித்தனர். களப்பின் வாயருகே அது நிற்பதைப் பார்த்தாலே நோக்கம் விளங்கும். புத்தளத்துக்குச் செல்லும் தோணி எதுவும் அதன் கண்ணுக்குத் தப்புவது அரிது. பகைவர் கப்பலை எதிர்ப்பதிலும் பார்க்க, பாக்கு மூட்டையையும் உப்பு மூட்டையையும் எண்ணுவதற்கே அக்கோட்டை மிகுதியும் பயன்பட்டது எனலாம். 1766இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் கண்டியரசன் கடற்கரை முழுவதையும் இழந்தான். அவனுடைய குடிகள் சிலாபம், புத்தளம் பகுதிகளில் உப்பு அள்ளிக்கொள்ள இடமளிக்கப்பட்டது. தாராளம்போல் தோன்றும் இந்தச் சலுகையே தோல்வியின் ஆழத்தைக் காட்டுகிறது. நேற்று வரை தன் துறையில் அள்ளிய உப்பை, இன்று பிறர் இசைவின்பேரில் அள்ளவேண்டியதாயிற்று.

1795இல் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. 1815இல் கண்டியும் வீழ்ந்தது. ஆட்சி மாறினும் உப்பின்மேலிருந்த பிடி தளரவில்லை. உப்பு அரசின் தனியுரிமைப் பொருளாயிற்று. விளைவித்தவனிடம் அரசே வாங்கி, அரசே கூடிய விலைக்கு விற்றது. தானாக விளைந்து கிடந்ததையும் அனுமதியின்றி அள்ளுவது குற்றமாயிற்று. கண்ணெதிரே வெள்ளையாய்க் கிடப்பதை ஏழை தொடக்கூடாதென்பது எவ்வளவு கொடிது!

கோட்டைகளும் சட்டங்களும் மாறின. மழை மட்டும் எவர் ஆணைக்கும் உட்படவில்லை. 2024ஆம் ஆண்டின் இறுதியிலும் 2025இலும் பருவந்தப்பிப் பெய்த மழையால் இலங்கையின் உப்பளங்களில் விளைவு கெட்டது. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவு, 2025இல் இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்தது. கடைகளிலே உப்புப் பொதி அரிதாயிற்று, விலையும் ஏறிற்று.

புத்தளத்து உப்பளங்களில் ஆணும் பெண்ணும் வெயிலில் நின்று உப்பை வாரி வரம்பிலே குவிக்கிறார்கள். நீர் வடிந்ததும் அது அம்பாரமாகும். ஆவணியும் புரட்டாதியும் போய் வானம் கறுக்கத் தொடங்கும்போது, அம்பாரத்தின்மேல் கிடுகு வேய்வது அக்கரையின் நெடுநாள் வழக்கம். அந்நாட்களிலே மேற்கே கடல் அடங்கிக்கொண்டு வரும். கற்பிட்டிக் கரையில் வள்ளங்களைப் பழுதுபார்த்துக் கடலில் இறக்குவார்கள்.