தவளம் முதல் பட்டா வரை

கண்டியிலிருந்து குண்டசாலை, திகன வழியாக மஹியங்கனை நோக்கிப் போகும் சிறு லொறிகளில் ஒரே முதலாளியின் சரக்கு நிறைந்திருப்பது அபூர்வம். ஒரு கடையின் சீமெந்து மூட்டைகளுக்குப் பக்கத்தில் இன்னொருவரின் தளபாடம் கிடக்கும். முழு ஹயர் கிடைக்காதவர்தான் இப்படி அரைச் சுமை ஏற்றுகிறார் என்பது பொதுவான எண்ணம். இந்தப் பகுதியின் போக்குவரத்து வரலாறு அதை ஆதரிக்கவில்லை. மலைநாட்டில் சுமை ஏற்றிப் பிழைத்தவர்கள், பலரது சரக்கை ஒன்றுசேர்த்தும் திரும்பும் வழியில் வெறுமையாக வராமலுமே பிழைத்தார்கள். ஆனால் அந்த ஆதாயம் எப்போதும் வண்டிக்காரர் கைக்கு வரவில்லை. சரக்கைச் சேர்த்துக் கொடுத்தவரிடமே பெரும்பகுதி தங்கியது.

குண்டசாலையில் மாளிகை அமைத்து வாழ்ந்த வீர நரேந்திரசிங்கன் (1707–1739) காலத்தில் கண்டி இராச்சியத்தில் வண்டிப் பாதை கிடையாது. கரையோரத்திலிருந்து படை ஏறி வருவதைத் தடுக்க, பாதைகளை ஒடுக்கமாகவே வைத்திருப்பது அரசர்களின் கொள்கை. சரக்கு பொதிமாட்டுக் கூட்டங்களான தவளங்களில் போனது. மடிகே என்ற போக்குவரத்துத் துறையில் முஸ்லிம்கள் பலர், நிலத்தை அனுபவிப்பதற்கு ஈடாக மாடுகளுடன் அரசனுக்கு ஊழியம் செய்தார்கள். உப்பும் கருவாடும் துணியும் மேலே வந்தன; பாக்கும் மிளகும் கீழே இறங்கின. பாதை ஒடுக்கமானதால்தான் சிறு பொதி, அதில் வணிகத் திறமை எங்கே என்று கேட்கலாம். பொதியின் அளவை அது விளக்கும். இருவழிச் சுமையை விளக்காது. மலையில் உப்பு இல்லை, கரையோரச் சந்தைக்கோ மலைநாட்டுப் பாக்கு வேண்டும். இந்த இரண்டு தேவைகளையும் ஒரே பயணத்தில் பொருத்தியது தவளக்காரரின் கணக்கு.

1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பு–கண்டி வீதியை அமைப்பித்தார். பணியை நடத்திய கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. வீதி வந்ததும் மாட்டு வண்டிகள் பெருகின. தோட்டங்களின் கோப்பி கொழும்புக்கு இறங்கியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருக்கான அரிசி மேலே ஏறியது. சரக்கு மாறினாலும் கணக்கு மாறவில்லை. ஆயினும் கோப்பி பறிக்கும் பருவத்தில் வண்டிக்குத் தட்டுப்பாடும், மற்ற மாதங்களில் சரக்குக்குத் தட்டுப்பாடும் நிலவின. இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கக்கூடியவர், வண்டிக்காரருக்கு முற்பணம் கொடுத்துத் தோட்டத்துடன் நேரே பேசும் நிலையில் இருந்தவர்தான்.

ரயில் வந்தபின் வண்டிக்காரர் அழிந்துவிட்டாரே என்பது வலுவான ஆட்சேபம். 1858இல் தொடங்கிய ரயில்பாதை 1867இல் கண்டியை எட்டியது. நெடுவழியில் மாட்டு வண்டி தோற்றது உண்மை. ஆனால் ரயில் தோட்டத்து வாசலுக்கு வரவில்லை. 1880இல் மாத்தளையை அடைந்த கிளைப்பாதை கட்டுகஸ்தோட்டை, வத்தேகம வழியாகப் போனது; குண்டசாலை, தெல்தெனியப் பக்கம் திரும்பவேயில்லை. அங்குள்ள சரக்கு நிலையம் சேர வேறு வண்டிதான் வேண்டும். 1869இல் இலைநோய் தாக்கிக் கோப்பி வீழ்ந்து, தேயிலையும் கொக்கோவும் பரவியபோதும் இந்தக் குறுவழி வேலை நின்றுவிடவில்லை. பெரிய போக்குவரத்து நெடுவழியைப் பறித்துக்கொண்டாலும், அதற்குச் சரக்குச் சேர்க்கும் கிளைவழிகளைப் பெருக்கிவிடுகிறது. பின்னாளில் மாட்டின் இடத்தில் லொறி வந்தது. 1958இல் பஸ் சேவை தேசியமயமானபோதும் சரக்கு லொறிகள் தனியார் கையிலேயே இருந்தன.

இன்று அந்தக் கிளைவழியில் ஓடுவது, பட்டா என்று நாட்டவர் அழைக்கும், ஒரு தொன்னுக்கும் குறைவாக ஏற்றும் டாட்டா ஏஸ். லீசிங் தவணையும் சாரதியின் நாட்கூலியும் வண்டி நிறைந்தாலும் குறைந்தாலும் ஒன்றே. டீசல் செலவும் சிறிதளவே கூடும். ஆகவே முதல் சரக்கின் கூலி செலவை அடைத்துவிட்டால், இரண்டாவது கடைக்காரர் தருவதில் பெரும்பகுதி ஆதாயம். பல்லேகலை தொழிற்பேட்டைக்குப் போன வண்டி திரும்பும்போது எதையேனும் ஏற்றினால் அதற்கும் இதே கணக்கு. இதற்கு எல்லைகளும் உண்டு. மண்ணெண்ணெய்க்குப் பக்கத்தில் அரிசியையோ, கருவாட்டுக்குப் பக்கத்தில் மணம் பிடிக்கும் தேயிலையையோ வைக்க முடியாது. இரண்டாவது சரக்குக்காக மணிக்கணக்கில் காத்திருந்தால் முதல் வாடிக்கையாளரை இழக்க நேரும். அரைச் சுமைக்குக் கூலியை மிகவும் இறக்கினால், முழுச் சுமைக்காரரும் அதே விலை கேட்பார்.

அப்படியானால் பட்டா உரிமையாளர் பலர் ஏன் தவணைக்கே திணறுகிறார்கள்? எந்தச் சரக்கு எங்கே, எப்போது கிடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. மடிகே ஊழியத்தில் அதை அரச கட்டளை தீர்மானித்தது. கோப்பிக் காலத்தில் ஒப்பந்தக்காரர் தீர்மானித்தார். இன்று தரகரும் மொத்தக் கடை முதலாளியும் தீர்மானிக்கிறார்கள். 2022இல் எரிபொருள் வாராந்தப் பங்கீடாகக் கிடைத்தபோது, பாதி வெறுமையாக ஓடுவதன் விலை கண்கூடாகத் தெரிந்தது: இருக்கும் லீற்றருக்குள் எத்தனை பேரின் சரக்கைச் சேர்க்கலாம் என்பதே தொழிலின் முழுக் கேள்வியானது. பங்கீடு முடிந்தாலும் அந்தக் கேள்வி முடியவில்லை. பெரிய லொறி வாங்கினால் தீரும் என்று நம்பிக் கடனைக் கூட்டுபவர், நிரப்ப முடியாத இடத்தையும் சேர்த்தே வாங்குகிறார். ஒரே வீதியில் போகவும் வரவும் சரக்குத் தரும் நாலைந்து நிலையான கடைகளைத் தரகரின்றித் தாமே பிடித்து வைத்திருப்பவருக்குத்தான் அரைச் சுமை ஆதாயமான தொழில்.