சுவரைத் தேர்ந்தவர் யார்?

பாசிர் என்றால் மணல். கூடாங் என்றால் சரக்கறை. இந்தக் கூடாங் நம்முடைய 'கிடங்கு' என்னும் சொல்லுக்கு உறவு என்பது சொல்லாய்வாளர் பலர் கருத்து. ஆகச் சரக்கைக் காக்கும் சுவர் பாசிர் கூடாங் என்ற பெயரிலேயே நிற்கிறது. மனிதரைக் காக்கும் சுவரை இவ்வட்டாரத்தில் யார் தேர்ந்தார்கள் என்பதை இன்று பார்ப்போம்.

ஜொகூரின் கரையோரக் கம்பங்களில் வீட்டுக்காரரே தேர்ந்தார். நீப்பா ஓலை, பிளந்து பின்னிய மூங்கில் தட்டி, வசதியுள்ளவருக்குப் பலகை. பலகையைக் கீழிருந்து மேலாக அடித்துக்கொண்டு போவார்கள். மேற்பலகையின் அடிவிளிம்பு கீழ்ப்பலகையின் தலையை மூடும். மழைநீர் பொருத்தில் தங்காமல் வழிந்தோடும். மேலிருந்து தொடங்கினால் நீர் உட்புகுந்து பலகை உளுத்துவிடும். ஒன்றன்மேல் ஒன்று சாயும் இவ்வமைப்பை மலாய்க்காரர் 'திண்டே காசே' என்பர். காசே என்றால் அன்பு! தச்சருக்கும் கவியுள்ளம் உண்டு போலும்.

தோட்டத்தில் கதை வேறு. இரப்பர் பயிர் பெருகிய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் முன்னோர் லயங்களில் குடியேறினர். அங்கே சுவரைத் தேர்ந்தவர் துரை. விலை பார்த்தது கம்பெனி. குடியிருப்பவரை யாரும் கேட்கவில்லை. அத்தாப்பும் பலகையும் தகடுமாக வெளிச்சுவர்கள் எழுந்தன. பல லயங்களில் வீட்டுக்கு வீடு நின்ற இடைச்சுவர் கூரையை எட்டவில்லை. அடுத்த வீட்டு அடுப்புப் புகை, கிழவரின் இருமல், புருஷன் பெண்சாதி சண்டை எல்லாம் அதன் தலைக்கு மேலே தாண்டி வந்தன. வெளிச்சுவர் மழையையாவது நிறுத்தியது. உட்சுவர் எதையும் நிறுத்தவில்லை.

நாம் 'சிங்க்' என்று சொல்லும் தகட்டின் உடல் இரும்புதான். மெல்லிய தகட்டை அலையலையாக மடித்தால் அதற்கு விறைப்பு வரும் என்று கண்டு, 1829-இல் இலண்டனில் ஹென்றி பால்மர் காப்புரிமை பெற்றார். 1837-இல் பிரான்சின் சோரெல் இரும்புக்குத் துத்தநாகம் பூசும் முறைக்கு உரிமை பெற்றார். பூச்சில் கீறல் விழுந்தாலும், துத்தநாகம் தன்னை அரிக்கக் கொடுத்து இரும்பைக் காக்கும். கூரையில் அலையின் மேட்டில்தான் ஆணி அடிக்கவேண்டும். பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். சுவரில் நீர் தேங்காதாகையால் பள்ளத்திலும் அடிக்கலாம். காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறமாக மடிப்பு வாய் இருக்கவேண்டும். இத்தனை நுட்பமும் நடுப்பகல் வெக்கையைத் தணிக்கவில்லை என்பதைத் தகட்டு வீட்டில் பிள்ளை வளர்த்த தாய்மாரைக் கேட்டால் தெரியும்.

பிறகு வந்தது கல்நார்ச் சிமெண்டுத் தகடு. ஆஸ்திரியாவின் லுட்விக் ஹட்ஷெக் 1901-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தீப்பிடிக்காது, கறையான் அரிக்காது என்று உலகமே அதைக் கொண்டாடியது. அதன் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் தரும் என்பது பின்னால் தெளிவாயிற்று. சிங்கப்பூர் 1989-இல் கட்டடங்களில் அதற்குத் தடை விதித்தது. பழைய கட்டடங்களில் இத்தகடு இருந்தால், வாளால் அறுக்கவோ தேய்த்துக் கழுவவோ கூடாது. உடைத்து முற்றத்தில் குவிப்பது அதைவிடக் கேடு. இப்போது விற்கும் இழைச் சிமெண்டுப் பலகைகள் பலவற்றில் கல்நாருக்குப் பதில் மரக்கூழ் இழை சேர்கிறது. வாங்குமுன் கல்நார் அற்றதா என்று கேட்டுக்கொள்வது நலம்.

தொழிலாளர் வீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் சட்டம் மலேசியாவில் 1966-இல் வந்தது. 1990-இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. அதற்குள் பாசிர் கூடாங்கே மாறிவிட்டது. 1977-இல் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. சுற்றிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. 2020-இல் ஊர் மாநகரமாயிற்று. தோட்டத்தை விட்டு வந்து தாமானில் செங்கல் வீடு வாங்கியவருக்குத்தான் முதன்முதலாகச் சுவரைத் தேரும் உரிமை கிடைத்தது. பின்கட்டில் அடுப்படியை நீட்டும்போது எதைப் போடுவது என்று கணவனும் மனைவியும் கூடிப் பேசினார்கள். கடற்கரை உப்புக்காற்றில் வெறும் துத்தநாகப் பூச்சு சீக்கிரம் தேயும். நூற்றுக்கு 55 பங்கு அலுமினியம் கலந்த பூச்சுத் தகடு கூடுதல் காலம் நிற்கும்.

ஆனால் 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது காற்றே நஞ்சாயிற்று. மாணவரும் ஆசிரியருமாகப் பலர் மருத்துவமனை சென்றனர். வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. நம் நாட்டுப் பள்ளிச் சுவர் எவ்வளவு உறுதியாயிருந்தாலும் வெப்பத்துக்கு அஞ்சிச் சன்னலைத் திறந்தே வைத்திருக்கிறோம்.